பட்டா அம்மாவின் பெயரில் இருக்கிறது. வீட்டை எனக்கு எழுதித் தர தான செட்டில்மென்ட் மட்டும் போதுமா?

மூத்த மகள் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்ப வீட்டை என் பெயருக்கு மாற்றிப் பதிவு செய்வது பற்றி, விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளிவு பெற விரும்புகிறேன்.

வீடு தமிழ்நாட்டில் ஒரு நகராட்சி எல்லைக்குள் உள்ளது. மனையை என் தந்தை 1986இல் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் கிரயம் பெற்று, 1991இல் தரைத்தளத்தையும், 2008இல் வங்கிக் கடன் பெற்று முதல் தளத்தையும் கட்டினார். அந்தக் கடனை அவரே 2013இல் முழுவதும் அடைத்துவிட்டார். மூலப்பத்திரத்தை வங்கி அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டது. 2014இல் அவர் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். அதன்பின் வாரிசுச் சான்று பெற்று, பட்டாவையும் சொத்து வரியையும் மின் இணைப்பையும் அம்மாவின் பெயருக்கு மாற்றினோம். நாங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்ட குடும்பத்தினர்.

அம்மாவுக்கு இப்போது 71 வயது. நானும் என் கணவரும் அவருடன் அதே வீட்டில்தான் வசிக்கிறோம். தம்பி சிங்கப்பூரில் குடியேறிவிட்டான்; தனக்கு இந்த வீட்டில் பங்கு வேண்டாம் என்பதை மனமுவந்து அம்மாவிடமும் என்னிடமும் சொல்லியிருக்கிறான். தம் காலத்திலேயே வீட்டை என் பெயருக்கு எழுதி வைத்துவிட வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம்.

இங்குள்ள ஒருவரிடம் ஆலோசனை கேட்டபோது, பட்டா அம்மாவின் பெயரில் இருப்பதால் அவர் மட்டும் வந்து தான செட்டில்மென்ட் (பணம் பெறாமல் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கையெழுத்திட்டால் போதும், தம்பி வரவேண்டிய அவசியமில்லை என்று கூறினார். அது சரிதானா? செட்டில்மென்ட், உயில், கிரயம் ஆகியவற்றுள் எங்கள் நிலைக்கு எது ஏற்றது? இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டை எனக்கு எழுதிக் கொடுத்த பிறகு அம்மாவின் பாதுகாப்பு எவ்வகையிலும் குறைந்துவிடக் கூடாது என்பது என் கவலை. அதற்கு ஆவணத்திலேயே வழி இருக்கிறதா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.


ஓய்வுபெற்ற பதிவுத்துறை அலுவலர்:

வணக்கம் அம்மா. உங்களுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனை தவறானது. அதன்படி நடந்தால் பத்திரம் பதிவாகிவிடவும் கூடும். ஆனால் முழு வீடும் உங்களுக்கு வந்து சேராது.

பட்டா என்பது வருவாய்த்துறையின் பதிவு. நிலத்தை யார் வைத்திருக்கிறார், வரி யாரிடம் வசூலிக்க வேண்டும் என்பதற்காகப் பராமரிக்கப்படுவது. அது அனுபவத்துக்கு ஒரு சான்றாக நிற்குமே தவிர, ஒருவருக்கு இல்லாத உரிமையை உண்டாக்காது. இருக்கும் உரிமையை அழிக்கவும் செய்யாது. சொத்து வரி ரசீதும் மின் கட்டண அட்டையும் அதைவிடக் கீழ்நிலையில் உள்ளவை. உங்கள் வீட்டின் உரிமை 1986ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தில் உங்கள் தந்தையின் பெயரில் இருக்கிறது. அவர் உயில் எழுதாமல் காலமான நாளிலேயே, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அது அவருடைய முதல் வகுப்பு வாரிசுகள் அனைவருக்கும் சம பங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது. மனைவி, மகன், மகள் ஆகியோருடன் இறந்தவரின் தாயாரும் அந்த வகுப்பில் அடங்குவார். ஆகவே என் முதல் கேள்வி: 2014இல் உங்கள் தந்தைவழிப் பாட்டி உயிருடன் இருந்தாரா? வாரிசுச் சான்றில் எத்தனை பெயர்கள் உள்ளன என்பதை எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

சார்பதிவாளர் பதிவு செய்து கொடுத்துவிட்டாலே உரிமை உறுதியாகிவிட்டது என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையால் குடும்பங்கள் படும் துன்பத்தை என் பணிக்காலம் முழுவதும் கண்டு வருந்தியிருக்கிறேன். நம் நாட்டில் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவாவது ஆவணம்தான், உரிமை அல்ல. இன்னார் இன்னாருக்கு இந்த நாளில் இதை எழுதிக் கொடுத்தார், எழுதிக் கொடுத்ததை நேரில் ஒப்புக்கொண்டார் என்பதற்கு அரசு சாட்சியாக நிற்கிறது. எழுதிக் கொடுத்தவருக்கு அந்த உரிமை உண்மையிலேயே இருந்ததா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் சார்பதிவாளருக்குக் கிடையாது. அது உரிமையியல் நீதிமன்றத்துக்கு உரியது. உங்கள் அம்மா தமக்குள்ள பங்கை மட்டுமே உங்களுக்குத் தர முடியும். அவர் முழு வீட்டையும் எழுதிக் கொடுத்ததாகப் பத்திரம் கூறினாலும், மற்றவர்களின் பங்குகள் மற்றவர்களிடமே இருக்கும். இன்று அது வெளியே தெரியாது. நாளை நீங்கள் விற்கவோ வங்கியில் கடன் பெறவோ முற்படும்போது, சட்டக் கருத்துரை எழுதும் வழக்கறிஞர் முதலில் சுட்டிக்காட்டப்போவது இதைத்தான். அப்போது தம்பியின் மனநிலை எப்படி இருக்கும், கையெழுத்திட வேண்டியவர்கள் அனைவரும் உயிருடன் இருப்பார்களா என்பதை இன்று யாரும் சொல்ல முடியாது. அனைவரும் ஒத்துப்போகும் இந்தக் காலத்திலேயே இதை முறையாக முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பதிவுத்துறையின் இணையதளத்தில் 1986க்கு முந்தைய சில ஆண்டுகள் தொடங்கி இன்றுவரைக்கும் வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான ஆவணங்களின் பட்டியல்) எடுங்கள். 1975 முதலான பதிவுகள் கணினியில் கிடைக்கின்றன. 2008இல் கடன் பெற்றபோது உரிமை ஆவணங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணம் பதிவாகியிருந்தால், அது வில்லங்கச் சான்றில் தெரியும். கடனை அடைத்து மூலப்பத்திரத்தைத் திரும்பப் பெற்றுவிட்டதாலேயே அந்தப் பதிவு நீங்கிவிடாது. வங்கி அலுவலர் வந்து, கடன் தீர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளும் ரசீது ஆவணம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும். அது நடந்திருக்கிறதா என்று பாருங்கள். நடக்கவில்லை என்றால் வேறெதற்கும் முன்னால் அதை முடியுங்கள். கடன் முடிந்து பல ஆண்டுகள் ஆனபின் அந்தக் கிளை வேறொன்றுடன் இணைக்கப்பட்டிருந்தால், பழைய கணக்கைத் தேடி எடுக்கவே நெடுங்காலம் பிடிக்கும்.


மூத்த மகள்:

விரிவான விளக்கத்துக்கு மிக்க நன்றி ஐயா. வாரிசுச் சான்றை எடுத்துப் பார்த்தேன். அதில் நான்கு பெயர்கள் உள்ளன: பாட்டி, அம்மா, நான், தம்பி. பாட்டி 2017இல் காலமானார். அவரும் உயில் எழுதவில்லை. தாத்தா அவருக்கு வெகுகாலம் முன்பே காலமாகிவிட்டார். என் தந்தையைத் தவிரப் பாட்டிக்கு இரண்டு மகள்கள். என் அத்தைகள் இருவரும் நலமாக இருக்கிறார்கள். பட்டா மாறுதலின்போது பாட்டியும் நாங்களும் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்திட்டுத்தான் அம்மாவின் பெயருக்கு மாற்றினோம். அதனால் பாட்டியின் பங்கு அம்மாவுக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாமா? வில்லங்கச் சான்றில் 2008ஆம் ஆண்டுப் பதிவு இருக்கிறது. ரசீது ஆவணம் எதுவும் இல்லை.


உரிமையியல் வழக்கறிஞர்:

வணக்கம் சகோதரி. பாட்டியின் பங்கு அம்மாவுக்கு வந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. பட்டா மாறுதலுக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்த ஆட்சேபமின்மைக் கடிதம், பெயர் மாற்றத்துக்கான சம்மதம் மட்டுமே. அசையாச் சொத்தில் உள்ள உரிமையை ஒருவர் விட்டுக்கொடுக்கும் ஆவணம், அதன் மதிப்பு 100 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு பெறாத கடிதத்தால் பங்கு கைமாறாது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 2014இல் பாட்டி, அம்மா, நீங்கள், தம்பி ஆகிய நால்வருக்கும் தலா கால் பங்கு கிடைத்தது. 2017இல் பாட்டியின் கால் பங்கு மூன்றாகப் பிரிந்தது: இரண்டு அத்தைகளுக்கும் ஒவ்வொரு பகுதி, அவருக்கு முன்பே இறந்த மகனாகிய உங்கள் தந்தையின் கிளைக்கு ஒரு பகுதி. அக்கிளைப் பகுதியை நீங்களும் தம்பியும் பகிர்ந்துகொள்கிறீர்கள். மருமகளாகிய உங்கள் அம்மாவுக்கு அதில் பங்கில்லை. வீட்டை 24 பாகங்களாகக் கொண்டால், அம்மாவுக்கு 6, உங்களுக்கு 7, தம்பிக்கு 7, ஒவ்வோர் அத்தைக்கும் 2 பாகங்கள் உரியவை. பட்டாவில் ஒரே பெயராகத் தெரியும் உங்கள் அம்மாவுக்குச் சட்டப்படி இருப்பது கால் பங்குதான் என்பதை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

அத்தைகளிடம் இதை மறைத்து எதையும் செய்யாதீர்கள். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தங்களுக்குப் பங்கு உண்டு என்பதே தெரியாத நிலையில், "சும்மா ஒரு கையெழுத்து" என்று கூறி வாங்கப்படும் விடுதலைப் பத்திரங்கள்தாம் (தம் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரங்கள்) பிற்காலத்தில் மோசடி, தவறான எடுத்துரைப்பு என்று நீதிமன்றத்துக்கு வருகின்றன. உங்களுக்கு இவ்வளவு பங்கு இருக்கிறது, இதன் இன்றைய மதிப்பு இவ்வளவு என்று அவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அவர்கள் பணம் பெற்றுக்கொண்டு விட்டுக்கொடுத்தாலும் சரி, பணம் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தாலும் சரி, நடந்தது எதுவோ அதையே விடுதலைப் பத்திரத்தில் எழுதுங்கள்.

இப்போது எந்த ஆவணம் என்ற கேள்விக்கு வருகிறேன். கிரயம் உங்களுக்கு ஏற்றதன்று. பணம் கைமாறாமல் கிரயம் என்று எழுதுவது பொய்யான ஆவணம், செலவும் மிகுதி. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வையும் கூடுதல் தீர்வையும் சேர்ந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். குடும்ப உறுப்பினருக்கு எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். அதுவும் 2023 ஜூலை 10 முதல் 40,000 ரூபாய் உச்ச வரம்புக்கு உட்பட்டது. பதிவுக் கட்டணமும் 1 சதவீதம்; வரம்பு 10,000 ரூபாய். தந்தை, தாய், கணவன், மனைவி, மகன், மகள், பேரன் பேத்தி, சகோதரன், சகோதரி ஆகியோரே இந்தச் சலுகைக்குரிய குடும்பம். ஆகவே அம்மா உங்களுக்கு எழுதுவதும், தம்பி உங்களுக்கு எழுதுவதும் சலுகைக்குள் வருகின்றன. அத்தைக்கும் அண்ணன் மகளுக்கும் உள்ள உறவு இப்பட்டியலில் நேரடியாக இல்லாததால், அவர்களின் விடுதலைப் பத்திரத்துக்கான தீர்வை எவ்வளவு என்பதைச் சார்பதிவாளரிடம் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். முழு விகிதமே விதிக்கப்பட்டாலும் அது அவர்களுடைய பாகங்களின் மதிப்புக்கு மட்டும்தான், முழு வீட்டுக்கு அல்ல.

கணக்கு எளிதாக விளங்குவதற்காக வீட்டின் மதிப்பு 48 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் பங்கு 12 லட்சம். தீர்வை 12,000, கட்டணம் 10,000. தம்பியின் பங்கு 14 லட்சம். தீர்வை 14,000, கட்டணம் 10,000. இரண்டு ஆவணங்களுக்கும் சேர்த்து 46,000 ரூபாய். உங்களுக்கு ஏற்கெனவே உள்ள 7 பாகங்களுக்கு எதுவும் செலுத்த வேண்டியதில்லை. முழு வீட்டின் மதிப்புக்கும் தீர்வை கட்டுமாறு யாரேனும் கூறினால் இதைச் சுட்டிக்காட்டுங்கள்.

உயில் எழுதுவதற்கு முத்திரைத் தீர்வை கிடையாது, பதிவும் கட்டாயமில்லை. ஆனால் உயில் எழுதியவரின் காலத்துக்குப் பின்பே நடைமுறைக்கு வரும். அதுவரை அவர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அம்மாவின் உயில் அவருடைய 6 பாகங்களை மட்டுமே உங்களுக்குத் தரும். தம்பி, அத்தைகள் பங்குகளின் சிக்கல் அப்படியே இருக்கும்.

அம்மாவின் பாதுகாப்பைப் பற்றி நீங்களே முதலில் கேட்டது எனக்கு மிகுந்த மனநிறைவைத் தருகிறது. பெரும்பாலும் எழுதிப் பெறுபவர்கள் இதைக் கேட்பதில்லை. சொத்து மாற்றுச் சட்டப்படி தானம் ஒருமுறை ஏற்கப்பட்டுப் பதிவாகிவிட்டால், எழுதிக் கொடுத்தவர் மனம் மாறினார் என்பதற்காக அதைத் தாமாகவே ரத்து செய்ய முடியாது. அதனால்தான் பாதுகாப்பைப் பத்திரத்துக்குள்ளேயே எழுதிவைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். அதற்கு இரண்டு ஏற்பாடுகள் உள்ளன.

ஒன்று, ஆயுட்கால அனுபவ உரிமை. வீட்டின் உரிமை இன்றே உங்களுக்கு வந்து சேரும். ஆனால் அம்மா தம் ஆயுள் முழுவதும் அவ்வீட்டில் வசிக்கவும், வாடகை வந்தால் அதைப் பெறவும் உரிமையுடையவர் என்று எழுதுவது. எழுதிக் கொடுப்பவர் அனுபவத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டாலும் தானம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் வாசகத்தில் கவனம் வேண்டும். "என் காலத்துக்குப் பிறகு நீ அடைந்துகொள்ள வேண்டியது" என்று எழுதினால் அது உயிலாகப் பொருள் கொள்ளப்படலாம். "இன்று முதல் உரிமையை உனக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன்; ஆயுள் அனுபவத்தை மட்டும் எனக்கு வைத்துக்கொண்டேன்" என்ற பொருள் ஐயமின்றி அமைய வேண்டும்.

மற்றொன்று, 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. அறுபது வயது நிறைந்தவர் தமக்கு அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் செய்து தரவேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்தை எழுதிக் கொடுத்து, பெற்றவர் அதைச் செய்யத் தவறினால், அம்மாற்றத்தைச் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். அந்த நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறியது; மூத்தோர் நலனுக்கான சட்டமாதலால் அதைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் கூறியது. நீதிமன்றம் தாராளமாகப் பொருள்கொள்ளும் என்ற நம்பிக்கையில் விட்டுவிடாமல், உணவு, உறைவிடம், மருத்துவம், பராமரிப்பு ஆகியவற்றைக் குறிப்பிட்டு நிபந்தனையை வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள். அன்புள்ள மகளுக்கு அதனால் எந்தக் குறையும் வராது.

இதில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. அம்மா தம் பத்திரத்தில் வைத்துக்கொள்ளும் ஆயுள் அனுபவம் அவருடைய 6 பாகங்களுக்கு மட்டுமே செல்லும். தம்பி தன் பங்கை நிபந்தனையற்ற விடுதலையாக உங்களுக்குக் கொடுத்துவிட்டால், அந்த 7 பாகங்களில் அம்மாவுக்கு எவ்வித உரிமையும் இராது. எனவே தம்பி எழுதுவது விடுதலைப் பத்திரமாக இல்லாமல் செட்டில்மென்ட்டாக இருக்கட்டும். அதில் தாயாருக்கு ஆயுட்கால அனுபவமும், அதற்கு உட்பட்டுச் சகோதரிக்கு முழு உரிமையும் என்று எழுதட்டும். மேலே சொன்ன செலவில் இதனால் மாற்றம் ஏற்படாது. அம்மாவின் பாதுகாப்போ 6 பாகங்களிலிருந்து 13 பாகங்களாக உயர்கிறது.

வருமான வரியைப் பொறுத்தவரை, தாயிடமிருந்தும் உடன்பிறந்தவரிடமிருந்தும் தானமாகப் பெறுவது உங்கள் வருமானமாகக் கொள்ளப்படாது. பிற்காலத்தில் விற்கும்போது மூலதன ஆதாயக் கணக்குக்கு உங்கள் தந்தை வாங்கிய, கட்டிய செலவுகளும் கணக்கில் கொள்ளப்படக்கூடும் என்பதால், பழைய கட்டுமான ரசீதுகளைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.


ஆவண எழுத்தர்:

வணக்கம் அம்மா. மேலே இருவரும் உரிமையைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பத்திரம் எழுதும்போதும் பதிவின்போதும் கவனிக்க வேண்டியவற்றை நான் சேர்க்கிறேன்.

தம்பியின் கையெழுத்துக்கு இரண்டு வழிகள் உள்ளன. அவர் விடுமுறையில் ஊருக்கு வருவதாக இருந்தால் அதுவரை காத்திருப்பதே மிகச் சிறந்தது. நேரில் வந்து, கைரேகை வைத்து, எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொண்டால் பின்னாளில் எந்தக் கேள்வியும் எழாது. வர இயலாது என்றால் சிங்கப்பூரில் இந்தியத் தூதரக அலுவலர் முன்னிலையில் அதிகாரப் பத்திரம் (தமக்காகச் செயல்பட ஒருவருக்கு அதிகாரம் தரும் "பவர்" பத்திரம்) எழுதி அனுப்பலாம். அது இந்தியாவுக்குள் வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் அதற்கு உரிய முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். அந்த அதிகாரப் பத்திரம் பொதுவாக "சொத்துகளை நிர்வகிக்க" என்று இருந்தால் பயன்படாது. இன்ன சொத்தில் தனக்குள்ள இன்ன பங்கை, இன்ன சகோதரிக்குத் தானமாக, தாயாரின் ஆயுள் அனுபவத்துக்கு உட்பட்டு எழுதிக் கொடுக்க அதிகாரம் என்று தெளிவாக இருக்க வேண்டும். அதிகாரம் பெறுபவராக நீங்களே இருக்காதீர்கள். எழுதிக் கொடுப்பவரின் முகவரும் எழுதிப் பெறுபவரும் ஒருவராக இருப்பது வீண் ஐயத்துக்கு இடமளிக்கும்.

கையெழுத்திட்ட நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் ஆவணத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதமானால் அபராதத்துடன் மேலும் 4 மாதங்கள் வரை மாவட்டப் பதிவாளர் அனுமதிக்கலாம். அதற்குமேல் அந்தப் பத்திரம் பயனற்றது. புதிதாகத்தான் எழுத வேண்டும். அதனால் எல்லாம் கைக்கு வந்தபின் கையெழுத்திடுவதே முறை.

சொத்து விவரம்தான் பத்திரத்தின் உயிர். 1986ஆம் ஆண்டுப் பத்திரத்தில் இருப்பதை அப்படியே படியெடுத்து எழுதிவிடுவது எங்கள் தொழிலில் பரவலாக உள்ள பழக்கம். நான் அதை ஏற்பதில்லை. அன்று கிராமப் புல எண்ணாக இருந்தது இன்று நகர அளவை எண்ணாகவும் வார்டு, பிளாக் என்றும் மாறியிருக்கும். அன்று நான்கெல்லையில் "காலி மனை" என்று இருந்த இடத்தில் இன்று வீடு நிற்கும். அடுத்த மனையின் உரிமையாளர் மாறியிருப்பார். பழைய எண்ணையும் புதிய எண்ணையும், அன்றைய எல்லையையும் இன்றைய எல்லையையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். நான்கு பக்க அளவுகளைப் பெருக்கினால் வரும் பரப்பும், பத்திரத்தில் சொல்லப்பட்ட பரப்பும், பட்டாவில் உள்ள பரப்பும் ஒத்துப்போகின்றனவா என்று உங்கள் கண்ணாலேயே சரிபாருங்கள். இரண்டு தளங்களின் கட்டடப் பரப்பு, கட்டிய ஆண்டு, கதவு எண், சொத்து வரி விதிப்பு எண், மின் இணைப்பு எண் ஆகியவையும் இடம்பெற வேண்டும். முதல் தளத்தைக் குறிப்பிடாமல் விட்டால் மதிப்பைக் குறைத்துக் காட்டியதாகும்; கள ஆய்வில் வெளிப்பட்டால் குறைவு முத்திரைத் தீர்வையைச் செலுத்த நேரும்.

உரிமை வந்த வரலாற்றை முழுமையாக எழுதுங்கள். தந்தை கிரயம் பெற்றது, 2014இல் காலமானது, நால்வர் வாரிசானது, 2017இல் பாட்டி காலமானது, அவருடைய பங்கு பிரிந்தது என ஒவ்வொன்றும் நாளுடனும் சான்று எண்ணுடனும் வரவேண்டும். பாட்டிக்கும் தனியாக இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தேவைப்படும், இப்போதே விண்ணப்பியுங்கள். யாருக்கு எத்தனை பாகம் என்பதை மேலே வழக்கறிஞர் சொன்ன கணக்கின்படி ஒவ்வொரு பத்திரத்திலும் ஒரே மாதிரி எழுத வேண்டும். ஒன்றில் கால் பங்கு என்றும் மற்றொன்றில் மூன்றில் ஒரு பங்கு என்றும் வந்துவிட்டால், பிறகு பிழைத்திருத்தல் பத்திரத்துக்காக எல்லோரையும் மீண்டும் அழைக்க வேண்டியிருக்கும்.

சாட்சிகள் இருவர் கட்டாயம். தானத்துக்கு இரண்டு சாட்சிகளின் சான்றொப்பம் இல்லையென்றால் பத்திரம் பதிவாகியிருந்தாலும் செல்லாது. எழுதிப் பெறும் நீங்கள் சாட்சியாக இருக்க முடியாது. உங்கள் கணவரும் வேண்டாம். குடும்பத்தை நன்கு அறிந்த, வயதில் இளையவர்களாகப் பாருங்கள். இருபது ஆண்டுகள் கழித்து ஒரு தேவை வந்தால் அவர்கள் வந்து சொல்லக்கூடியவர்களாக இருக்க வேண்டும். தானத்தை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக நீங்களும் பத்திரத்தில் கையெழுத்திடுங்கள்.

அம்மாவால் அலுவலகத்துக்கு வர முடிகிறதென்றால் நேரில் வருவதே நல்லது. உடல்நிலை இடம் தரவில்லை என்றால், தக்க காரணம் காட்டி விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் இடமுண்டு. எப்படியாயினும், கையெழுத்திடுவதற்கு முன் முழுப் பத்திரத்தையும் அவருக்கு நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். "மனமுவந்து எழுதிக் கொடுத்தீர்களா?" என்று சார்பதிவாளர் கேட்கும்போது, எதை எழுதிக் கொடுத்தோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.


மூத்த மகள்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு அத்தைகளிடமும் கணக்கைச் சொல்லிவிட்டோம். பெரிய அத்தை தமக்கு எதுவும் வேண்டாம் என்கிறார். சின்ன அத்தைக்குத் தம் பாகத்தின் மதிப்பைத் தந்துவிட நாங்களே முடிவு செய்திருக்கிறோம். ரசீது ஆவணத்துக்காக வங்கிக்கு எழுதியுள்ளேன். இன்னும் ஒரே ஒரு ஐயம்: பட்டாவில் அம்மாவின் பெயர் மட்டும் இருப்பது தவறென்றால், பத்திரங்களுக்கு முன்பாக அதை அனைவர் பெயருக்கும் கூட்டுப் பட்டாவாக மாற்றிக்கொள்ள வேண்டுமா? எந்த ஆவணத்தை முதலில் பதிவு செய்வது?


ஓய்வுபெற்ற பதிவுத்துறை அலுவலர்:

கூட்டுப் பட்டாவுக்காக இப்போது அலைய வேண்டியதில்லை அம்மா. பங்குகள் அனைத்தும் உங்களிடம் வந்து சேர்ந்தபின் ஒரே விண்ணப்பத்தில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். மனை உட்பிரிவு ஆகாததால் நில அளவர் வந்து அளக்க வேண்டிய தேவையும் இருக்காது. விண்ணப்பத்துடன் 1986ஆம் ஆண்டுப் பத்திரம், இரண்டு வாரிசுச் சான்றுகள், புதிய பத்திரங்கள் எல்லாவற்றையும் இணையுங்கள்.

வரிசையைப் பொறுத்தவரை, முதலில் வங்கியின் ரசீது ஆவணம். அடுத்து அத்தைகளின் விடுதலைப் பத்திரம். அவர்கள் மனம் ஒப்பியிருக்கும் இந்த நேரத்திலேயே முடித்துவிடுங்கள். சின்ன அத்தைக்குத் தரும் தொகையை வங்கி வழியாகக் கொடுத்து, அந்த விவரத்தைப் பத்திரத்தில் குறிப்பிடுங்கள். பிறகு தம்பியின் செட்டில்மென்ட். அம்மாவின் செட்டில்மென்ட் இறுதியாக இருக்கட்டும். மற்ற எல்லாம் சரியாக முடிந்ததைக் கண்ணால் பார்த்தபின் அவர் கையெழுத்திடுவதே அவருக்குப் பாதுகாப்பு.

ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும் சில நாட்கள் கழித்துப் புதிதாக வில்லங்கச் சான்று எடுத்து, பெயர், பாகம், அளவை எண் ஆகியவை சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். அட்டவணையில் ஏறும்போது நேர்ந்த எழுத்துப் பிழையாக இருந்தால் அலுவலகத்திலேயே மனு கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம்; பத்திரத்திலேயே பிழை இருந்தால்தான் பிழைத்திருத்தல் பத்திரம் தேவைப்படும். சொத்து வரியையும் மின் இணைப்பையும் பட்டா உங்கள் பெயருக்கு வந்தபின் மாற்றிக்கொள்ளுங்கள்.